தீவான் பலகையில் நிற்கிற குதிரை

என் குலம் அண்ணைக்கு, கோபம் ஆறிய பிறகு எழுத உட்கார்ந்த தங்கச்சியின் அன்பு.

பலகைகள் வந்துவிட்டன அண்ணை. போன செவ்வாய்க்கிழமை காலை, ரொறன்ரோவிலிருந்து வந்த பெட்டியை வேலணை வீட்டு விறாந்தையில் வைத்து, மீன் வெட்டுகிற கத்தியால் கிழித்துத் திறந்தேன். உள்ளே ஆறு பலகை. புது மரத்தின் மணம். அந்த நாளில் நீங்கள் அடித்த அதே மஞ்சள், அதே கறுப்பு. அடிப்பக்கத்தில் என் குதிரை. அதன் காலடியில் தமிழ் எழுத்தில் 'தீவான்'.

'என் குதிரை' என்று எழுதிவிட்டேன், பார்த்தீர்களா? இந்தக் கடிதத்தை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுவதற்குக் காரணமே அந்த இரண்டு சொல்தான். உங்களைத் தெரியாதவர்களும் வாசிப்பார்கள். ஆகையால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாழ்ப்பாண டவுணில் ஓர் அச்சகத்தில் கலியாண அட்டை அடித்துக்கொண்டிருந்தீர்கள். எண்பதுகளின் கடைசியில் கனடாவுக்குப் போனீர்கள். அங்கேயும் அச்சு வேலைதான். துணிச் சட்டத்தில் மை இழுத்துப் பனியன்களில் படம் பதிக்கிற கடை. போய் ஒரு வருடம் கழித்து வந்த கடிதத்தில்தான் முதன்முதலாக ஸ்கேட்போர்ட்டைப் பற்றி எழுதினீர்கள். "ஒரு பலகை, கீழ நாலு சில்லு. பெடியள் அதில ஏறி நிண்டு றோட்டில பறக்கிறாங்கள். பலகைக்கு அடியில வடிவான படங்கள் இருக்கு. ஆள் விழுந்தாத்தான் படம் தெரியும்!" சக்கரம் பூட்டிய பலகை என்பதால் நீங்கள் அதற்கு வைத்த பெயர் சில்லுப் பலகை. எனக்கு இன்றைக்கும் அதுதான் பெயர்.

கடையில் உங்களோடு வேலை செய்த டானியும் நீங்களுமாகச் சொந்தமாகப் பலகை செய்யத் தொடங்கினீர்கள். பெயர் வேண்டியிருந்தபோது, டவுண் பள்ளிக்கூடத்தில் உங்களை இளக்காரமாகக் கூப்பிட்ட அதே சொல்லை எடுத்தீர்கள். தீவான், வேலணை மாதிரித் தீவுகளிலிருந்து வந்தவன். அம்மாவுக்குப் பெரிய மனக்கஷ்டம். "எழுத்தைக் காலால மிதிக்கிறதே?" என்று என்னைக் கொண்டு எழுதுவித்தார். "மிதிக்கேல்லை அம்மா, ஏறி நிக்கினம்" என்று பதில் போட்டீர்கள். அம்மா அந்த வரியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுச் சிரித்தார்.

அதே கடிதத்தின் அடியில் எனக்கு ஒரு வரி: "பிள்ளை, நெடுந்தீவுக் குதிரை ஒண்டு கீறி அனுப்பு."

அப்போது நான் சித்திரம் படிப்பிக்கத் தொடங்கிய புதிது. குறிகாட்டுவானில் வள்ளம் ஏறி, காட்டுக் குதிரைகள் திரிகிற நெடுந்தீவுக்குப் போனேன். சரியான வெயில் காலம். புல்வெளி முழுக்கக் கருகிக் கிடந்தது. கல்வேலிக்கு அப்பால் ஒரு குதிரை தனியாக நின்றது. விலா எலும்பு எண்ணலாம். ஆனால் கழுத்தை மட்டும் தாழ்த்தவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த நேரம் முழுவதும் அது காற்று வந்த பக்கத்தையே பார்த்தபடி நின்றது. கடைசி வள்ளம் வெளிக்கிடும்வரை கீறினேன். வீட்டுக்கு வந்து எண்ணெய்க் கடதாசியில் ஒரே கோடாக இழுத்து, மடிக்காமல் சுருட்டி, அன்று கண்டதையெல்லாம் எழுதிய கடிதத்தோடு, கொழும்புக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினேன்.

நீங்கள் நெடுந்தீவைக் கண்ணால் கண்டதில்லை. நயினாதீவுத் திருவிழாவுக்குப் போகிற சின்ன ஓட்டத்துக்கே தலை சுற்றி, வயிற்றைப் பிரட்டி, அம்மாவின் மடியில் சத்தி எடுத்த ஆள். பிறகு அந்தப் பக்கம் வள்ளமே ஏறவில்லை.

அந்தக் குதிரைதான் உங்கள் பலகைகளில் சில வருடம் ஓடியது. இங்கே நாங்கள் போரால் தீவை விட்டு வெளிக்கிட்டு மானிப்பாயில் இருந்தோம். என் சித்திரக் கொப்பிகள் எல்லாம் இந்த வீட்டில் கிடந்தன. திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கொப்பியும் இல்லை. "அடுத்ததாய் என்ன கீற?" என்று மூன்று கடிதத்தில் கேட்டேன். மூன்றுக்கும் பனியைப் பற்றியும் அண்ணியின் சமையலைப் பற்றியும் பதில் எழுதினீர்கள். நான்காவது தரம் கேட்க வெட்கமாக இருந்தது. பிறகு தீவான் மூடப்பட்டது என்று கேள்விப்பட்டேன். அதற்குப் பிறகு நீங்களும் நானும் அதைப் பற்றிக் கதைக்கவே இல்லை. போன வருடத்துக்கு முந்தின வருடக் குளிரில் உங்கள் நெஞ்சு நின்றது. உங்கள் முகத்தைக் கைத்தொலைபேசியில்தான் கடைசியாகப் பார்த்தேன்.

போன வருடம் டானி அண்ணியைத் தேடி வந்திருக்கிறார். அந்தக் காலத்தில் தீவான் பலகையில் ஓடித் திரிந்த பெடியளுக்கு இப்போது ஐம்பது வயதாம். பழைய பலகைகளைத் தேடித் தேடிச் சேர்க்கிறார்களாம். ஓடுவதற்கு இல்லை, சுவரில் சாமிப் படம் மாதிரி மாட்டி வைக்க. அப்படிச் சேர்ப்பவர்களுக்காக அதே வடிவத்தில், அதே நிறத்தில், பழைய தீவானைத் திரும்பச் செய்யலாமா என்று கேட்டார். அண்ணி சம்மதித்தார். பலகையோடு வைக்கப் போகிற ஒரு சின்ன அட்டையை, ஊர்ப் பெயர்கள் சரியா என்று பார்க்கச் சொல்லி எனக்கு அனுப்பினார்கள். கூடவே, அந்த அட்டைக்கு ஆதாரமான பழைய சஞ்சிகைப் பக்கத்தின் படமும் வந்தது. அதில் நீங்கள் பலகையைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறீர்கள். தலைமுடி அடர்த்தியாக, எவ்வளவு இளமையாக.

கீழே நீங்கள் சொன்னது இருந்தது. நெடுந்தீவில் குதிரைக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு பகல் முழுக்கப் பார்த்து, நானே கீறினேன் என்று.

அண்ணை, அதை வாசித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. வள்ளத்தில் சத்தி எடுக்கிற ஆள்! சிரித்து முடிந்ததும் அந்தப் பக்கத்தைத் திரும்பவும் வாசித்தேன். நான் உங்களுக்கு எழுதிய வெயில், நான் எழுதிய கல்வேலி, எல்லாவற்றையும் உங்கள் வாயால் சொல்லியிருந்தீர்கள். நாலு நாள் ஒருவருக்கும் பதில் போடவில்லை. செத்த மனிதரோடு என்ன வழக்கு என்று என்னையே கேட்டேன். ஆனால் வாழ்நாளில் நான் கீறியதில் ஊரைத் தாண்டிப் போனது அது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

ஐந்தாம் நாள் அண்ணியே தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன வாசுகி, சத்தத்தைக் காணேல்லை?"

"அண்ணி, அந்தக் குதிரையைக் கீறினது ஆர்?"

அண்ணி மெல்லச் சொன்னார். "எனக்குத் தெரியும். நீதான். அந்தப் பேட்டி வந்த புத்தகத்தை அவர் ஒருநாளும் வீட்டில வச்சிருக்கேல்லை."

"அப்ப ஏன் அண்ணி அப்பிடிச் சொன்னவர்?"

"நானும் கேட்டனான். பேட்டி எடுக்க வந்த பெடியன் பலகையைப் பிரட்டிப் பாத்திட்டு, 'இவ்வளவு வடிவாக் கீறினது நீயா?' எண்டு கேட்டானாம். அந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து அவரை மனுசனா மதிச்சு ஒருத்தரும் ஒண்டும் கேட்டதில்லையாம். ஓம் எண்டு வாயில வந்திட்டுதாம். பிறகு மாத்த ஏலாமப் போச்சுது."

"எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே."

"உன்னட்டைச் சொல்லத்தான் அவருக்குச் சரியான பயம்."

உங்கள் திவசத்துக்கு அண்ணி வேலணைக்கு வந்தபோது டானியும் கூட வந்தார். பெரிய உடம்பு, மென்மையான குரல். "கதிரையில இருங்கோ" என்று நான் சொன்னதும் நின்றுவிட்டார். அவருடைய தாய் தகப்பன் போர்த்துக்கலுக்குச் சொந்தமான தீவு ஒன்றிலிருந்து கனடாவுக்கு வந்தவர்களாம். நாற்காலிக்கு நாங்கள் சொல்கிற கதிரை போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல்லாம், அவர்கள் வீட்டிலும் ஏறக்குறைய கதிரைதானாம். பிறகு வீடு முழுக்கச் சுற்றி, அலுமாரி, மேசை, யன்னல், சப்பாத்து என்று ஒவ்வொன்றாகக் கைகாட்டிப் பெயர் கேட்டுச் சின்னப்பிள்ளை மாதிரிச் சந்தோஷப்பட்டார். அவரும் ஒரு தீவுக்காரரின் பிள்ளை. 'தீவான்' என்ற பெயருக்கு ஏன் அவர் உடனே சம்மதித்தார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. இதையும் சொல்ல வேண்டும், அப்போது அவருக்கு உண்மை தெரியாது. அண்ணி சொல்லவில்லை. முடிவு உன்னுடையது என்று எனக்கு விட்டுவிட்டார்.

திவசம் முடிந்த மறுநாள், தன்னிடம் மிஞ்சியிருந்த ஒரேயொரு பழைய பலகையை டானி மேசையில் வைத்தார். நான் அனுப்பிய கடதாசி எப்போதோ தொலைந்துவிட்டதாம். படிகளிலும் கம்பிகளிலும் சறுக்கித் தேய்ந்து தேய்ந்து, பலகையின் நடுவில் குதிரையின் நெஞ்சும் வயிறும் முன்கால்களும் அழிந்து போயிருந்தன. தலையும் பின்பக்கமும் மட்டும் மிச்சம். கணினியில் ஒருவரைக் கொண்டு நடுவை நிரப்பலாம் என்று டானி நினைத்திருந்தார். எதற்கும் ஊர்க் குதிரை எப்படி நிற்கும் என்று தெரிந்த, சித்திரம் படிப்பித்த என்னிடம் காட்ட வந்தாராம்.

எண்ணெய்க் கடதாசியைப் பலகையின் மேல் விரித்தேன். பென்சிலை எடுத்துக் கழுத்தில் வைத்தேன். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, கை முந்தி மாதிரி இல்லை. ஆனாலும் கழுத்திலிருந்து நெஞ்சுக்கு இறங்கியதும் கோடு எங்கே போக வேண்டும் என்று கைக்குத் தெரிந்தது. விலா எலும்பு, வயிறு, முன்கால். பின்பக்கத்துப் பழைய கோட்டில் போய்த் தொட்டபோது இரண்டும் ஒரே கோடாகிவிட்டன.

நிமிர்ந்து பார்த்தால், டானி கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். அண்ணி தமிழில் சொல்லாமலே விளங்கியது. கீறியது நீங்களா?

அண்ணியைப் பார்த்தேன். "சொல்லு வாசுகி" என்றார்.

"ஓம்," என்றேன். "நான்தான்."

அவர் கோபப்படுவார், உங்களைப் பற்றி ஏதும் சொல்வார் என்று பயந்தேன். நீண்ட நேரம் பலகையைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொல்லச் சொல்ல அண்ணி எங்கள் பேச்சில் சொன்னார்.

தீவான் நன்றாகப் போன காலத்தில் ஒரு பெரிய கடைக்காரர் நிறையப் பலகை கேட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை. குதிரை மெலிந்து போய் இருக்கிறது, கொழுக்க வைக்க வேண்டும், கண்ணைச் சிவப்பாக்கி மூக்கால் நெருப்பு விட வேண்டும். டானி உடனே சம்மதித்துவிட்டாராம். நீங்கள் மாட்டேன் என்றீர்களாம். ஒரு கோடுகூட மாற்ற விடவில்லையாம். இரண்டு பேருக்கும் பெரிய சண்டை. கடைசியில் நீங்கள் சொன்னது இவ்வளவுதானாம்: "அது என்ர இல்லை, டானி. மாத்த எனக்கு உரிமை இல்லை."

அந்தக் கடைக்காரர் போய்விட்டார். அதோடு தீவான் தேயத் தொடங்கி, ஒரு வருடத்தில் மூடப்பட்டது. குதிரை தீவுக்குச் சொந்தம் என்று நீங்கள் சொன்னதாகத்தான் டானி இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தாராம். "இப்பதான் விளங்குது. அவன் உங்களைச் சொல்லியிருக்கிறான்."

தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய்விட்டேன். பின்னால் அண்ணி வந்தார்.

"கேத்திலை அடுப்பில வைக்காமல் நிக்கிறாய்."

"இதையும் எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே அண்ணி."

"எனக்கே தெரியாது, பிள்ளை. சண்டை எண்டு மட்டும்தான் தெரியும்." அவரும் அழுதார். கேத்திலை அவரே அடுப்பில் வைத்தார்; தண்ணீர் கொதித்து வற்றும்வரை இரண்டு பேரும் அப்படியே நின்றோம்.

ஒன்று கேட்கட்டுமா அண்ணை? ஊருக்கு முன்னால் 'நானே கீறினேன்' என்று ஒரு சொல் சொல்லிப்போட்டு, பிறகு அந்தச் சொல்லுக்கு ஈடாக ஆசையாய்த் தொடங்கிய தொழிலையே விட்டீர்களே, அதை எப்படி ஒருத்தருக்கும் சொல்லாமல் வைத்திருந்தீர்கள்? ஒரு கடிதம் போட்டிருந்தால், "விடுங்கோ அண்ணை, ஆர் கீறினால் என்ன" என்று எழுதியிருப்பேன். உண்மையாகவே எழுதியிருப்பேன். அந்த வாய்ப்பை எனக்குத் தராமல் போனதுதான் இன்னும் கொஞ்சம் நோகிறது.

அட்டையை நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து திருத்தினோம். உங்கள் பெயரை மேலே போடு என்று நான், என் பெயரை மேலே போடு என்று அண்ணி. டானி இரண்டு பெயரையும் ஒரே வரியில் எழுதி முடித்தார். படம் கீறியவர் வாசுகி, பலகை செய்தவர் குலம், அண்ணனும் தங்கையும், வேலணை. சேர்ப்பவர்களில் ஒரு சிலர் முகம் சுளித்தார்களாம். பழையதில் இல்லாத பெயர் எதற்கு, பழையது பழையது மாதிரியே வர வேண்டும் என்று. டானி அசையவில்லை. செய்தவை எல்லாம் அந்த அட்டையோடுதான் போயின. ஒன்றும் மிச்சமில்லையாம்.

வந்த ஆறு பலகையில் ஒன்றுக்குச் சில்லும் அனுப்பியிருந்தார் டானி. நேற்றுப் பின்னேரம் அதைப் பூட்டி, விறாந்தைச் சீமெந்தில் வைத்து, யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறி நின்றேன். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான். அரை அடிதான் உருண்டிருக்கும். பயத்தில் கத்தியே விட்டேன். தொலைபேசியில் பார்த்துக்கொண்டிருந்த அண்ணி சிரித்த சிரிப்பை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

இனி நிறையப் பேர் கேட்பார்கள். ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யாருக்கும் நான் பாதிக் கதை சொல்லமாட்டேன். என் அண்ணன் என் குதிரையைத் தன்னுடையது என்று சொன்னார் என்பதைச் சொல்வேன். அந்தக் குதிரையில் ஒரு கோட்டைக்கூட வேறு யாரையும் தொட விடாமல், தன் தொழிலைக் கொடுத்துக் காத்தார் என்பதையும் அதே மூச்சில் சொல்வேன். ஒன்றை விட்டு மற்றதை எந்த வாயும் சொல்ல, நான் இருக்கும்வரை விடமாட்டேன். இது சத்தியம். பயப்படாமல் இருங்கள் அண்ணை.

உங்களோடு கூடப் பிறந்த ஒரேயொருத்தி,
வாசுகி
வேலணை