கையை விட்ட பாட்டு

ராயபுரம்
3.5.2025

சேசு, மரி, சூசை மூவரும் நம் வீட்டில் குடியிருப்பார்களாக. இப்போதைக்கு நான் ஒருவன்தான் குடியிருக்கிறேன்.

அன்புள்ள ஜானட்டுக்கு,

உன் கணவன் ஸ்டானிஸ்லாஸ் எழுதுவது. பெயரை முதலிலேயே போட்டுவிடுகிறேன், என் கையெழுத்து உனக்கு மறந்திருக்கும். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் உனக்கு நான் எழுதியதெல்லாம் மளிகை லிஸ்ட்தானே.

என் நம்பரை பிளாக் பண்ணிவிட்டாய். உன் தங்கை ஷெர்லினைக் கூப்பிட்டால், "அக்கா தூங்குறாங்க மாமா" என்கிறாள். காலை பதினோரு மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஐந்து மணிக்கும் தூங்குகிறாய். மாத்தூர் காற்றில் என்ன கலந்திருக்கிறதோ தெரியவில்லை. அதனால்தான் போஸ்ட் ஆபீசுக்குப் போனேன். கவுன்ட்டர் ஆள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மாத்தூருக்கு லெட்டரா சார்? பஸ் ஏறினா முக்கா மணி நேரம். இது போறதுக்கு மூணு நாளாவும். இன்னாத்துக்கு?"

"வூட்ல கோச்சிகினு போய்ட்டாங்க."

"அப்ப பத்தா வாங்கிக்கங்க சார்."

பத்து கவர் வாங்கியிருக்கிறேன். அத்தனைக்கும் வேலை வைக்காதே.

கீழ் வீட்டுச் சிலுவையம்மாள் தினமும் மாடிப்படியில் நின்று விசாரிக்கிறாள். அவளிடம் சொல்வதையே உனக்கும் சொல்கிறேன். திருவொற்றியூர் மைதானத்தில் கோடை விழா. 'ஹார்பர் பசங்க' பேண்டின் கச்சேரி. தடுப்புக் கட்டை சரிந்தது, கூட்டம் நம்மைப் பிரித்துவிட்டது. நான் என்ன செய்வேன்? வேறு பாட்டாக இருந்தாலும் பரவாயில்லை. நம் ரிசப்ஷனில் ஆர்க்கெஸ்ட்ரா முதலில் எடுத்த அதே பாட்டு! டிரம்ஸில் மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், அப்புறம் இரண்டு தட்டு. அதை அந்தப் பசங்க எடுப்பார்கள் என்று யார் கண்டது?

நடந்தது நடந்துவிட்டது. மகிமா கோயம்புத்தூரிலிருந்து தினமும் கேட்கிறாள், "அம்மா வந்தாச்சா?" என்று. நானும் தினமும், "தூங்குறாங்க" என்கிறேன். உங்கள் குடும்பத்துப் பழக்கம் எனக்கும் தொற்றிவிட்டது.

பதில் எழுது.

உன்
ஸ்டானி

*

மாத்தூர்
9.5.2025

மகிமா அப்பாவுக்கு ஜானட் எழுதுவது.

ஷெர்லினைக் கோபித்துக்கொள்ள வேண்டாம். தூங்குகிறேன் என்று சொல்லச் சொன்னது நான்தான். தூக்கம்தான் வருவதில்லை.

கூட்டம் பிரித்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். சரி.

நான் விழுந்தபோது ஒரு கால் செருப்பு போய்விட்டது. முதுகின் மேல் யாரோ மிதித்துக்கொண்டு போனார்கள். கரும்பு ஜூஸ் கடைக்கார அம்மா செல்லக்கனிதான் என் புடவையைப் பிடித்து இழுத்து, மேஜைக்கு அடியில் உட்கார வைத்தார். அங்கே உட்கார்ந்துகொண்டு எத்தனை பாட்டு என்று எண்ணினேன். மூன்று பாட்டு. நடுவில் ஒருவர் மைக்கில் நன்றி சொன்னார். அப்புறம்தான் நீங்கள் வந்தீர்கள். வந்ததும் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? போனை நீட்டி, "ஜானட், நம்ம பாட்டு! முழுசா எடுத்துட்டேன்" என்றீர்கள்.

இப்போது ரேஷன் கடையில் நாலு பேர் எனக்குப் பின்னால் நின்றாலே மூச்சு அடைக்கிறது. ஞாயிறு பூசைக்குக் கதவோரமாக இடம் கிடைத்தால்தான் உட்காருகிறேன். போன வாரம் மாதவரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஏறாமலே திரும்பி வந்தேன். சிரித்துச் சிரித்து எழுதியிருக்கிறீர்கள், அதனால் சொல்கிறேன்.

கருவாட்டு டப்பாவை மூடி வையுங்கள். பூனை வரும்.

ஜானட்

*

ராயபுரம்
15.5.2025

அன்புள்ள ஜானட்டுக்கு,

பூனை வந்துவிட்டது. கருவாடு போய்விட்டது. உன் கடிதம் ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம்.

செல்லக்கனி அம்மாவைத் தேடிப்போய் நன்றி சொன்னேன். வரவேற்பு பிரமாதம்.

"அந்த ஆளு நீதானா? நல்லா இருய்யா. உன் பொண்டாட்டி மேஜைக்கு அடியில உக்காந்துகினு, 'கையைப் புடிச்சிகினுதான் இருந்தேன், கையைப் புடிச்சிகினுதான் இருந்தேன்'னு அதையே சொல்லிகினு இருந்துச்சு. நீ பாட்டுக்கு அங்க ஆடிகினு இருந்த!"

ஆடவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கரும்பைக் கையில் வைத்திருந்தாள். ஜூஸைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

இன்னொன்றும் நடந்தது, கோபப்படாமல் படி. போன ஞாயிறு மாலை எண்ணூரில் ஒரு கச்சேரி. என்னோடு துறைமுகத்தில் கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கிற ஒவைஸ் விடாமல் இழுத்துக்கொண்டு போனான். முப்பது வருஷமாக நான் எங்கே நிற்பேன்? முன் வரிசையில், ஸ்பீக்கர் பாக்ஸ் பக்கம், நெஞ்சு அதிர அதிர. அன்றைக்குக் கால் அங்கே போக மறுத்துவிட்டது. கேட்டுக்குப் பக்கத்திலேயே நின்றேன். மைதானத்துக்கு எத்தனை வழி, எது பூட்டியிருக்கிறது, எந்த இடத்தில் தண்ணீர் டேங்க் வழியை மறிக்கிறது, இதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைப் புடவை கட்டிய ஒரு பெண்ணைப் புருஷனோடு பார்த்தேன். அவன் அவளை விட்டுவிட்டு இரண்டு கையாலும் தட்டிக்கொண்டிருந்தான். கிட்டே போய், "தம்பி, ஒரு கையால தட்டுப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் என்னைக் குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பான்.

ஒவைஸ் கேட்டான்: "இன்னா மாமு, பாடறவனைப் பாக்காம கேட்டையே பாத்துகினு கீறே? எவனாவது வாட்ச்மேன் வேலை குடுத்துட்டானா?"

ஒரு பாட்டும் மனதில் நிற்கவில்லை. என்ன பாடினார்கள் என்று அவனிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். எனக்கு இது வியாதியா என்று பயமாக இருக்கிறது.

வீட்டுக்கு வா. கச்சேரியே வேண்டாம் என்றால் அப்படியே. வந்தால் போதும்.

உன்
ஸ்டானி

*

மாத்தூர்
21.5.2025

மகிமா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. செல்லக்கனி அம்மா திட்டியதைப் படித்து ஷெர்லின் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டு கடிதத்திலும் ஒன்றை எழுதாமல் சுற்றிக்கொண்டு போகிறீர்கள். போஸ்ட் ஆபீஸ், பூனை, கரும்பு எல்லாம் வருகிறது. என் கை உங்கள் கையிலிருந்து எப்படிப் போயிற்று என்பது மட்டும் வரவில்லை.

ஷெர்லின் வீட்டுக்காரர் சாலமன், ஜூன் நடுவில் மேல் போர்ஷன் காலியாகிறது, அக்கா அங்கேயே இருந்துகொள்ளட்டும், தையல் மெஷினையும் கொண்டுவந்து போட்டுவிடலாம் என்கிறார். நல்ல மனுஷர். பதினைந்தாம் தேதிக்குள் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலைக்குப் போகாதீர்கள்.

ஜானட்

*

ராயபுரம்
27.5.2025, செவ்வாய்

ஜானட்,

இன்றைக்குச் சிரிக்கிற மாதிரி எழுத வரவில்லை. முயற்சி பண்ணி இரண்டு தாளைக் கிழித்தேன்.

வேலை முடிந்து அந்தோணியார் கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போனேன். எனக்கும் அவருக்கும் பழைய பழக்கம். பத்தாம் வகுப்பில் ஹால் டிக்கெட், கல்யாணத்துக்கு மறுநாள் மோதிரம், போன வருஷம் ரேஷன் கார்டு, தொலைத்ததையெல்லாம் அவரிடம்தான் கேட்டு வாங்கினேன். மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, "தொலைந்துபோன என் மனைவியை" என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வாய் வரவில்லை. அவர் தொலைத்தவனுக்குத்தான் தேடிக் கொடுப்பார். கையில் இருந்ததைத் தானே விட்டுவிட்டு வந்தவனுக்கு அவர் என்ன செய்ய முடியும்? பின்னால் நின்ற கிழவி, "முடிச்சிட்டியா நைனா, நவுரு" என்றாள். நகர்ந்துவிட்டேன்.

கூட்டம் நம்மைப் பிரிக்கவில்லை. தடுப்பு சரிந்தது அதற்கு அப்புறம்தான். அந்த மூன்று தட்டு கேட்டதும் போனைத் தூக்கினேன். ஒரு கையில் பிடித்தால் படம் ஆடியது. இரண்டு கை வேண்டியிருந்தது. அதனால் உன் கையை விட்டேன். அவ்வளவுதான் நடந்தது. அதைச் சொல்ல ஒரு மாதம் ஆகியிருக்கிறது.

"வேணாங்க, பின்னாடி தள்ளுறாங்க" என்று நீ சொன்னாய். பாட்டு ஓடும்போது ஸ்டானி காதில் வேறெதுவும் விழாது என்று ஊரில் பேர். எனக்கு விழுந்தது. ஒரு நிமிஷம்தானே என்று நினைத்தேன்.

அந்த வீடியோவை மகிமாவுக்குக்கூட அனுப்பவில்லை. இரண்டாவது நிமிஷத்தில், பாடகன் மூச்சு வாங்குகிற இடத்தில், பின்னாலிருந்து ஒரு குரல் "ஏங்க" என்கிறது. ஒரே ஒரு தடவை. நாற்பது முறையாவது போட்டுக் கேட்டிருப்பேன். பாட்டைக் கேட்கவில்லை, அந்த "ஏங்க"வைத்தான். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். அழித்தால் உன்னை இன்னொரு தடவை விட்ட மாதிரி இருக்கும் என்று தோன்றியது.

மேல் போர்ஷன் விஷயத்தில் உன் இஷ்டம். மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன். அங்கே கொண்டுபோவதென்றாலும், இங்கே தைப்பதென்றாலும் ஓடும்.

ஸ்டானிஸ்லாஸ்

*

மாத்தூர்
3.6.2025

அன்புள்ள மகிமா அப்பாவுக்கு,

எனக்குத் தெரியும்.

கூட்டம் இழுத்தால் கை மொத்தமாகப் பிடுங்கிக்கொண்டு போகும். உங்கள் கை அப்படிப் போகவில்லை. முதலில் கட்டை விரல் விட்டது, அப்புறம் ஒவ்வொன்றாக. கடைசியில் சுண்டு விரல். கீழே விழுந்தபோதும் அதைத்தான் நினைத்தேன். இதை ஷெர்லினிடம்கூடச் சொல்லவில்லை. நீங்கள் சொல்கிறீர்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சொல்லாமலே இருந்திருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன், மேல் போர்ஷனில் பால் காய்ச்சியிருப்பேன்.

மன்னித்துவிட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழிதான் தோன்றுகிறது. அந்தோணியார் திருவிழாவுக்கு மறுநாள், பதினான்காம் தேதி சனிக்கிழமை, மாலை ஆறரைக்கு நம் கோயில் பள்ளி மைதானத்தில் கச்சேரி இருக்கிறதாமே. வருகிறேன். ஷெர்லினும் வருவாள்.

போன் கொண்டுவரக் கூடாது. முன் வரிசைக்குக் கூப்பிடக் கூடாது. கேட்டுக்கு எதிரே மெடிக்கல் ஷாப் வாசலில் நில்லுங்கள். என்னால் முடியாவிட்டால் திரும்பிவிடுவேன். பாட்டு பாதியில் இருந்தாலும் நீங்களும் திரும்ப வேண்டும். என்ன பாட்டு என்று தலையைத் திருப்பிப் பார்க்கக் கூடாது.

இது பரீட்சை இல்லை என்று எழுத நினைத்தேன். பரீட்சைதான்.

ஜானட்

*

ராயபுரம்
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள ஜானட்டுக்கு,

நேற்று நடந்ததை நீயும் பார்த்தாய். ஆனாலும் என் பக்கத்துச் செய்தியைக் கொஞ்சம் கேள்.

நாலு மணிக்கே மெடிக்கல் ஷாப் வாசலுக்குப் போய்விட்டேன். கடைக்காரர் மூன்று தடவை, "என்ன மாத்திரை வேணும் சார்?" என்று கேட்டார். கடைசியில் வெட்கப்பட்டு ஒரு இருமல் மருந்து வாங்கினேன். போனை ஒவைஸிடம் கொடுத்துவிட்டேன். "போன் இல்லாம நீ நிக்கிறது, வேட்டி இல்லாம நிக்கிற மாதிரி கீது மாமு" என்றான். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நீ ஆட்டோவிலிருந்து இறங்கியபோது எனக்குத்தான் மூச்சு அடைத்தது. கையைக் கொடு என்று கேட்கலாமா கூடாதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, நீயே என் கையைப் பிடித்தாய். ஐஸ் மாதிரி இருந்தது. இரண்டு பாட்டு வரைக்கும் நின்றாய். உண்மையைச் சொல்கிறேன், அந்த இரண்டு பாட்டையும் நான் கேட்கவில்லை. உன் மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது ஆரம்பித்ததும் சின்னப் பசங்க ஓடிவந்தார்கள், கூட்டம் ஒரு அலை அடித்தது. நீ திரும்பினாய். நானும் திரும்பிவிட்டேன். அது என்ன பாட்டு என்று நான் கவனிக்கவில்லை. தலையையும் திருப்பவில்லை. ஷெர்லின் சாட்சி.

ஆட்டோ ஏறும்போது நீ, "போய்ட்டு வரேன்" என்றும் சொல்லவில்லை, "போறேன்" என்றும் சொல்லவில்லை. ஷெர்லின் மட்டும் கையாட்டினாள். இன்று பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் பண்ணினார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இன்றைக்குத் தேதி பதினைந்து. சாலமனிடம் என்ன சொன்னாய்?

போஸ்ட் ஆபீஸில் வாங்கிய பத்து கவரில் இது நாலாவதுதான். எனக்கு அவசரமில்லை. பொய். அவசரம்தான்.

உன்
ஸ்டானி

*

மாத்தூர்
18.6.2025

அன்புள்ள மகிமா அப்பாவுக்கு,

மேல் போர்ஷனுக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டேன். சாலமன் உடனே போர்டு மாட்டிவிட்டார்.

சனிக்கிழமை காலை வருகிறேன். பஸ்ஸில் வர முயற்சி பண்ணுகிறேன். மாதவரத்தில் கூட்டமாக இருந்தால் இறங்கிவிடுவேன். பத்து மணிக்கு அங்கே வந்து நில்லுங்கள். எனக்குச் சரியாகிவிட்டது என்று சிலுவையம்மாளிடம் சொல்லிவிட வேண்டாம். ஆகவில்லை. இனிமேல் கச்சேரிக்கு வருவேனா என்றும் தெரியாது. அந்த வீடியோவை நான் கேட்க வேண்டும். அதற்கப்புறம் வைப்பதா அழிப்பதா என்று நான் சொல்கிறேன்.

மூன்றாவது பாட்டைக் கவனிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கும் அது காதில் விழவில்லை. கூட்டம் நகர்ந்ததும் காது அடைத்துவிட்டது, ஷெர்லின் கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லை.

ஆனால் கேட்டிலிருந்து ஆட்டோ வரைக்கும் உங்கள் கட்டை விரல் என் மணிக்கட்டில் தட்டிக்கொண்டே வந்தது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், இரண்டு தட்டு. நான் ஏறி உட்காருகிற வரைக்கும் தட்டிக்கொண்டே இருந்தது.

நம் பாட்டை முழுவதும் கேட்டேன்.

உங்கள்
ஜானட்