பட்டாணிப் பொட்டலமும் இருபதரை டிகிரியும்

ஹோஃப்
ஜனவரி 21, செவ்வாய்

அன்புள்ள கிலியனுக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இங்கே சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது உனக்கு முன்னாலேயே தெரியுமே, கூடத்தில் இருபதரை டிகிரி என்று இந்த நிமிஷம்கூட உன் கைபேசி பெர்த் நகரத்தில் உன் சட்டைப்பைக்குள்ளிருந்து சொல்லிக்கொண்டிருக்கும். நீ எப்படி இருக்கிறாய் என்று எங்களுக்குச் சொல்ல இங்கே சுவரில் எந்தப் பெட்டியும் இல்லை, அதனால்தான் இந்தக் கடிதம். வெளியே மைனஸ் ஒன்பது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை. எதிர்வீட்டு கெர்லிண்டே புதிதாகப் பல் கட்டிக்கொண்டு எல்லாரிடமும் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

அக்டோபரில் நீ லீவில் வந்து, இருந்த பத்து நாளில் மூன்று நாள் சுவரைத் துளை போட்டு அந்த தெர்மோஸ்டாட்டை மாட்டிவிட்டுப் போனாயே, அதைப் பற்றித்தான் எழுதப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. நாற்பத்தோரு வருஷக் கல்யாண வாழ்க்கையில் நானும் உன் அப்பாவும் உருப்படியாகச் சண்டை போட்ட விஷயம் அந்த ஹீட்டர் குமிழ் ஒன்றுதான், அவர் கூட்டுவார், நான் குறைப்பேன், அப்படியே வீடு கலகலப்பாக இருக்கும். இப்போது அவரும் திருகுவதில்லை, நானும் திருகுவதில்லை, உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து நீ திருகுகிறாய். பெட்டி ரொம்ப புத்திசாலி, ஒத்துக்கொள்கிறேன். நாங்கள் இரண்டு பேரும் டிவி முன்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தால் வீட்டில் ஆளே இல்லை என்று அதுவாக முடிவு கட்டிப் பதினாறு டிகிரிக்கு இறக்கிவிடுகிறது. அதனால் உன் அப்பா கால்மணிக்கு ஒரு தரம் எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி, உயிரோடுதான் இருக்கிறேன் என்று அதற்குக் காட்டிவிட்டு உட்காருகிறார். எதிர்வீட்டு ஜன்னலில் கெர்லிண்டே பார்த்துவிட்டுத் தனக்குத்தான் கையாட்டுகிறார் என்று பதிலுக்குக் கையாட்டுகிறாள், அந்தப் புதுப் பல்லோடு.

முதல் வாரம் நடந்தது ஞாபகம் இருக்கிறதா? காலை ஏழு மணிக்கு நான் எப்போதும்போல எல்லா ஜன்னலையும் விரியத் திறந்து கால்மணி நேரம் வீட்டுக்குக் காற்று காட்டினேன். பனி பெய்தாலும் காட்டாமல் இருந்ததில்லை, என் அம்மாவும் அப்படித்தான். கூடம் பதினொரு டிகிரிக்கு இறங்கியதும் உன் கைபேசி அலறியிருக்கிறது, நீ உடனே கூப்பிட்டாய். ஜன்னலை மூடும்மா, வீட்டுக்குள்ள இருக்கிற சூட்டையெல்லாம் தெருவுக்கு அனுப்பறியான்னு கத்தினாய். உனக்கென்னடா தெரியும், ராத்திரி விட்ட மூச்சையே திரும்ப இழுக்கச் சொல்றியான்னு நானும் கத்தினேன். அடேயப்பா, அரைமணி நேரம்! நாலு நாள் காலையில் நாலு சண்டை, எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? ஐந்தாம் நாள் நீ அந்தப் பெட்டிக்கு, ஏழு மணிக் குளிர் அம்மாவின் வேலை, கண்டுகொள்ளாதே என்று சொல்லிக்கொடுத்துவிட்டாய். அதோடு ஃபோன் நின்றது. முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல், குளிருதாம்மா என்று கேட்பதற்காவது கூப்பிடுவாய். இப்போது கேட்க என்ன இருக்கிறது, பெட்டிதான் சொல்லிவிடுகிறதே. எட்டு ஞாயிறு உன் குரலைக் கேட்கவில்லை கிலியன். நடுவில் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்று வந்தது. கிறிஸ்துமஸுக்கு மரம் படம்.

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன், இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் கடைசி ஞாயிறு, சர்ச்சிலிருந்து வந்ததும், ஃப்ரீசரில் இருந்த பட்டாணிப் பொட்டலத்தை எடுத்து ஒரு துணியில் முடிந்து உன் பெட்டிமேல் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, அம்மா, வீடு ஏழு டிகிரியாம்மா, அப்பா எங்க, எழுந்து நடமாடறாரா என்று பதறிக்கொண்டு கூப்பிட்டாய். எல்லாம் நல்லாத்தான் இருக்கு, பெட்டிக்குத்தான் ஜலதோஷம் என்று பச்சைப் பொய் சொன்னேன். அன்றைக்கு முக்கால்மணி நேரம் பேசினாய், உன் ஆபீஸ் கதை, உன் வீட்டுக் கூரையில் குடியேறிய கிளிகள், எல்லாம். வீடு உறைகிறது என்று பெட்டி நம்பிவிட்டதால் அந்த முக்கால்மணி நேரமும் பாய்லர் வெறி பிடித்து எரிந்து வீடு இருபத்தெட்டு டிகிரி! உன் அப்பா ஸ்வெட்டரைக் கழற்றினார், பிறகு சட்டையைக் கழற்றினார், பனியனோடு உட்கார்ந்து உருளைக்கிழங்கு உருண்டையும் குழம்பும் சாப்பிட்டார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. மனுஷனுக்கு எதுவும் புரியவில்லை, நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். அடுத்த இரண்டு ஞாயிறும் அதே பட்டாணி, அதே பனியன்.

நீ சும்மா இருந்தாயா? எங்களைக் கேட்காமலே பெர்த்திலிருந்து பாய்லர் மெக்கானிக் டீட்ஸை அனுப்பிவைத்தாய். அவர் பாய்லரைப் பிரித்தார், குழாயைத் தட்டினார், கடைசியில் பெட்டிக்குக் கீழே சுவரில் ஈரத்தையும், சட்டத்தின் இடுக்கில் ஒரு பட்டாணியையும் பார்த்தார். கையும் களவுமாக மாட்டிக்கொண்டு நின்றேன். அவர் அதை விரலில் எடுத்துப் பார்த்துவிட்டு மெதுவாக, என் பொண்ணு கனடாவுல இருக்கா, அரைக்கிலோ பொட்டலம் போதுமா, ஒரு கிலோ வேணுமா என்று கேட்டார். நல்ல மனுஷன். ஆனால் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து உன்னிடம், பெட்டி பழுது, ஈரம் புடிச்சுப்போச்சு என்று சொல்லித் தொலைத்தாரே, அதுதான் வினையாயிற்று. புதுசு அனுப்பறேன்மா, நாலு அறையிலயும் நாலு கருவி, ஒண்ணு கெட்டா இன்னொண்ணு சொல்லும், இனிமே கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண வேண்டிய அவசியமே இருக்காது என்று நீ செய்தி போட்டிருந்தாய்.

நேற்று அது வந்துவிட்டது. உன் அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டி முழுசாகப் படித்தார். பிறகு, நாலு அறைக்கு நாலா, அவ்வளவு பட்டாணி நம்ம ஃப்ரீசர்ல புடிக்காதே ஹெட்விக் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. உங்களுக்கு எப்போ தெரியும்னு கேட்டேன். முதல் நாளே தெரியும், அவன் பேசறது உன் காதுலேர்ந்து எனக்கும் கொஞ்சம் கேக்குது, அதைப்போய் எதுக்குக் கெடுக்கணும் என்றார். கையில் ஃபோனைக் கொடுத்தால் இரண்டு வார்த்தைக்குமேல் பேசத் தெரியாத மனுஷன், மூன்று ஞாயிறு எனக்குப் பக்கத்து நாற்காலியில் வியர்த்துக் கொட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது இதற்காகத்தான். நான் சமையலறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தேன்.

அட்டைப்பெட்டியைப் பிரிக்காமல் நிலவறையில் வைத்திருக்கிறோம். உன்மேல் கோபமில்லை, எங்களுக்குக் குளிரக்கூடாது என்றுதான் செய்தாய், தெரியும். வெயிலில் தொப்பி இல்லாமல் அலையாதே, வேளைக்குச் சாப்பிடு, நீ நல்லபடி இருக்கவேண்டும் என்றுதான் தினமும் வேண்டிக்கொள்கிறோம். இந்த ஞாயிறு காலை பத்து மணிக்கு நான் பெட்டிமேல் எதையும் வைக்கப்போவதில்லை. வீடு இருபதரை டிகிரியில் இருக்கும், ஒரு கோளாறும் இருக்காது. அப்படியே கூப்பிடு.

உன் அம்மா
ஹெட்விக்