லொறி பிந்தினால் பழம் யாருடையது?

இஞ்சருங்கோ,

ஊரெல்லாம் படிக்கப்போகிற கடிதத்தில் புருசனை இப்படியா கூப்பிடுவது என்று மகள் மாலதி முகத்தைச் சுளிக்கிறாள். கலியாணம் கட்டிய நாளிலிருந்து நான் உங்களை வேறு எப்படிக் கூப்பிட்டேன்? இப்படிக் கூப்பிட்டால்தானே நீங்கள் திரும்பிப் பார்ப்பீர்கள்.

நீங்கள் போய்ச்சேர்ந்து ஒரு வருடமாகப்போகிறது, ஆட்டத்திவசம் வருகிறது. பேப்பரில் படமும் நாலு வரிப் பாட்டும் போடுவோம் என்றாள். அந்தப் பாட்டுகளில் எல்லாரும் குலவிளக்காக எரிந்து அணைந்துபோகிறார்கள். நீங்கள் எந்தக் காலத்தில் விளக்காக இருந்தீர்கள்? பப்பாசித் தோட்டக்காரன், முன்கோபக்காரன், தேத்தண்ணியில் சீனி கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. பாட்டு வேண்டாம், நானே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

உங்களுக்குச் சொல்ல ஒரு செய்தி இருக்கிறது. ஆனால் இதை மற்றவர்களும் படிப்பார்கள். அவர்களுக்காக நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன், குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

வெளிநாட்டுக்குப் பழம் அனுப்புகிற ஒரு கம்பனி எங்கள் உடுவிலுக்கு வந்து, கடனுக்குப் பப்பாசிக் கன்றும் பசளையும் தந்தது. காய் நுனியில் மஞ்சள் கீற்று ஒன்று விழுந்ததும், லொறி வருகிற நாளில் வெட்ட வேண்டும். வேறு யாருக்கும் விற்கக்கூடாது. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தது. லொறி எப்போது வரவேண்டும் என்பது மட்டும் இருக்கவில்லை.

சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தபோது நீங்கள் ஒருவர்தான் எழும்பிக் கேட்டீர்கள். “லொறி பிந்தினால் பழம் ஆற்றை?”

கம்பனி மனேச்சர் சிரித்தார். “ஐயா, நாங்கள் பிந்துவமே?”

கூட்டமும் அவரோடு சேர்ந்து சிரித்தது. நக்குண்டார் நாவிழந்தார் என்பது சும்மாவா? கன்றை வாங்கி நட்டாயிற்று, இனி யார் வாய் திறப்பது? நீங்களும் பேசாமல் கையெழுத்து வைத்துவிட்டு வந்தீர்கள்.

வெட்டுகிற நாளில் ஒவ்வொரு பழத்தையும் பழைய பேப்பரில் சுற்றிக் கூடையில் அடுக்குவது உங்கள் வேலை. மரண அறிவித்தல் பக்கம் வந்தால் மட்டும் தனியே எடுத்து, பெயரை வாசித்து, மடித்து, தண்ணி இறைக்கிற மோட்டர்க் கொட்டிலின் கூரை வளையில் செருகிவிடுவீர்கள். “செத்தவையின்ரை முகத்தாலை பழம் சுத்துறதே?” என்பீர்கள். எங்கள் பேப்பரில் பாதி அந்தப் பக்கம்தானே, பிறகு எதனால் சுற்றுவது என்று நான் நக்கலடிப்பேன்.

போன வருடம் அந்த வெள்ளிக்கிழமை லொறி வருகிறது என்றார்கள். மரமெல்லாம் மஞ்சள் கீற்று. லொறி வரவில்லை. நாளைக்கு என்றார்கள். பிறகு திங்கள் என்றார்கள். மருதனார்மடம் சந்தையில் வியாபாரம் செய்கிற எங்கள் பரமேஸ்தான் லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் பெட்டியைப் பூட்டிக் கொண்டுவந்து வாசல் படலையில் நிறுத்தினான்.

“அண்ணை, உவை வரமாட்டினம். வெட்டித் தாங்கோ, நான் கொண்டுபோறன்.”

“நான் கையெழுத்து வைச்சிட்டன் பரமேஸ்.”

“அவங்கள் சொன்ன சொல் என்னாச்சுதாம்?” என்று நான் குசினிக்குள் இருந்து கத்தினேன்.

“அவங்கடை சொல்லை அவங்கள் பாக்கட்டும். நான் என்ரை சொல்லைத்தான் பாக்கலாம்.”

பரமேஸ் வெறும் பெட்டியோடு திரும்பிப் போனான். அடுத்த கிழமை லொறி வந்தபோது அணில் தின்றது போக மிச்சமெல்லாம் கனிந்து தொங்கியது. வந்தவர் ஒரு பழத்தை அமத்திப் பார்த்தார்.

“பழுத்துப்போச்சு ஐயா. எடுக்கேலாது.”

“பழுக்க விட்டது ஆர்?”

“ஒப்பந்தத்திலை அப்பிடி ஒண்டும் இல்லையே.”

கிணற்றடியில் கிடங்கு வெட்டி நீங்களே எல்லாவற்றையும் புதைத்தீர்கள். என்னைக் கிட்டவும் வரவிடவில்லை. அதற்குப் பிறகு நீங்கள் சண்டை பிடிக்கவில்லை. ஒருநாள் சீனியே போடாமல் தேத்தண்ணி தந்து பார்த்தேன், பேசாமல் குடித்துவிட்டுக் கோப்பையைக் கழுவி வைத்தீர்கள். நான் பயந்தது அன்றைக்குத்தான். சில நாளில் நெஞ்சு நோகுதென்று தெல்லிப்பழை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனோம், திரும்பி நாங்கள் மட்டும் வந்தோம்.

கம்பனிதான் கொன்றது என்று நான் சொல்லமாட்டேன். பிறசர் உங்களுக்கு முந்தியே இருந்தது. ஆனால் அந்தக் கிடங்கை நீங்கள் வெட்டாமல் இருந்திருந்தால்? இந்தக் கேள்வியோடு படுத்து இந்தக் கேள்வியோடு எழும்புகிறேன்.

இனித்தான் செய்தி. சில மாதம் கழித்து ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மனேச்சர் வந்தார். அதே நிலையம், அதே கதிரைகள். வாசித்து முடித்து, கேள்வி இருக்கா என்றார். நான் எழும்பினேன். முன்னாலிருந்த கதிரையைப் பிடித்துக்கொண்டேன்.

“லொறி பிந்தினால் பழம் ஆற்றை?”

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

“அம்மா, அதை நான் எழுதேலாது. மேலிடம் விடாது.”

“அப்ப எங்களுக்கும் கையெழுத்து வைக்கேலாது.”

எனக்குப் பின்னால் கதிரைகளை அரக்கித் தள்ளுகிற சத்தம் கேட்டது. எல்லாரும் எழும்பி வெளியே வந்துவிட்டோம். பிறகு விடாக்கண்டன் கொடாக்கண்டன்தான். பழத்தை எல்லாரும் பரமேசுக்கு மலிவாகக் கொடுத்துக்கொண்டு பொறுத்திருந்தோம். கடைசியில் மனேச்சர் ஒரு வரியைச் சேர்த்துக் கொண்டுவந்தார். சொன்ன நாளில் லொறி வராவிட்டால் அந்தப் பழத்தைத் தோட்டக்காரர் விரும்பியவருக்கு விற்கலாம், அதில் வருகிற நட்டம் கம்பனியுடையது. நானும் கையெழுத்து வைத்தேன்.

போன கிழமை லொறி வழியில் பழுதாகி நின்றுவிட்டது. மனேச்சருக்கு ரெலிபோன் எடுத்தேன். “சரியம்மா, வெளியாலை குடுங்கோ,” என்றார். அவ்வளவுதான். பரமேஸ் வந்து ஏற்றினான். ஒருவருக்கும் கோபமில்லை, ஒருவரும் சொல் தவறவில்லை. நான் கிணற்றுக்கட்டில் குந்தியிருந்து குழறி அழுதேன்.

“ஏனக்கா அழுறியள்? பழமெல்லாம் வித்துப்போச்சுதானே?”

அவனுக்கு என்ன சொல்வேன்? இவ்வளவு லேசான காரியமா இது? ஒரே ஒரு வரி. நீங்கள் உயிரோடு எழும்பிக் கேட்டபோது இதைத் தந்திருந்தால் அவர்களுக்கு என்ன குறைந்திருக்கும்? கண் கெட்ட பிறகு எனக்கெதற்குச் சூரிய நமஸ்காரம்?

இன்று காலையும் பழம் சுற்றிக்கொண்டிருந்தேன். கடையில் கட்டாக வாங்கிய பழைய பேப்பர். ஒரு தாளை விரித்தால் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். அடையாள அட்டைக்கு எடுத்த படம், சேட்டுக் கொலர் ஒரு பக்கம் மடிந்தபடி. கை தானாகவே கொலரை நீவிவிட்டது.

உங்கள் பெயரை நீங்கள் வாசிக்கிற மாதிரியே சத்தமாக வாசித்தேன். மடித்துக் கொண்டுபோய்க் கொட்டில் வளையில் செருகினேன். அங்கே துணைக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள், எல்லாரையும் நீங்கள்தான் அங்கே வைத்தீர்கள்.

நான் உயிரோடு இருக்கும்வரை எங்கள் தோட்டத்தில் இனி யாரும் பழத்துக்குக் கிடங்கு வெட்டமாட்டார்கள். எந்தக் கம்பனி எந்தத் தாளை நீட்டினாலும் உங்கள் கேள்வியைக் கேட்டுவிட்டுத்தான் பேனையைத் தொடுவேன். இது நான் உங்களுக்குத் தருகிற சொல். என்ரை சொல்லை நானும் பார்ப்பேன்.

உங்கள் மாலதியின் தாய்,
இன்னமும் ஒரு தேத்தண்ணி கூடுதலாகப் போட்டுவிடுகிற
உங்கள் பவளம்