உங்கள் கப்பியை விற்றவன் என் கடைப்படி ஏறினான்

எனக்கு அண்ணன் இல்லாத குறையைத் தெரியவிடாத என் அத்தானுக்கு,

சுகமா என்று கேட்க முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை எதிர்க்கடைக்காரன் என் கடைப்படி ஏறினான். உங்களைக் கொன்ற கப்பியை விற்றவன்தான். அவனை ‘அவர்’ என்று எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இதை நாலு பேர் வாசிக்கும்படிதான் எழுதுகிறேன். அவன் உங்களைப் பற்றிச் சொன்னதும் நாலு பேருக்குக் கேட்கும்படிதானே?

உங்களைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. திருகோணமலைக்கு வரும் பாய்ப்படகுகளுக்குப் பாயும் கயிறும் பூட்டிக் கொடுத்தவர் நீங்கள். முன்பாயை இழுத்துப் பிடிக்கும் கயிறு, படகின் ஓரத்தில் ஒரு தண்டின் மேல் நகரும் கப்பிக்குள்ளால்தான் வரும். காற்றுக்கு ஏற்றபடி அந்தக் கப்பியை முன்னே பின்னே நகர்த்தவேண்டும். அன்று துறைமுக வாய் தாண்டியதும் காற்று ஏறியது. கப்பியை நகர்த்த முழங்காலில் நின்று அதன் ஆணியை இழுத்தீர்கள். கப்பியைச் சுற்றியிருந்த ஸ்டீல் பட்டி அறுந்தது. கயிற்றின் இழுவையோடு கப்பி உங்கள் நெற்றிக்கு வந்தது. நீங்கள் வாங்கிப் பூட்டி ஆறு மாதமும் ஆகாத கப்பி.

செத்த வீட்டுக்கு வந்தவன், பந்தலுக்கு வெளியே நின்று சொன்னான்: “பூட்டத் தெரியாத ஆள் பூட்டினா கப்பி என்ன செய்யும்?”

தளத்துக்குக் கீழே தகடு வைக்காமல் ஒரு போல்டும் இறுக்காதவர் நீங்கள். ஆனால் படகு கட்டும் ஜெட்டி முழுக்க அவன் கதைதான் ஓடியது. அக்காவின் காதுக்கு அது நிலாவெளி பஸ்ஸில் வந்து சேர்ந்தது. முன்சீற்றில் இருந்த யாரோ யாருக்கோ சொல்லிக்கொண்டு போனார்களாம். வீட்டுக்கு இரண்டு தரிப்புக்கு முன்பே இறங்கி, வெயிலில் நடந்தே வந்தாள். அன்றிலிருந்து நான் காத்திருந்தேன், அத்தான்.

முதலில் வந்தது அவன் மருமகன். கந்தளாய்க்காரன், மரியாதையான ஆள். பழைய பாய்ப்படகு ஒன்றை வாங்கித் திருத்துகிறான். மனைவியோடு அந்தமான் வரை போகிற எண்ணம்.

“ஐயா, முன்பாய்க் கயித்துக்குக் கப்பி வேணும். ரெண்டு பக்கத்துக்கும், தண்டோட.”

“உங்கட மாமாவின்ர கடை நேர எதிரில கிடக்கு, தம்பி. அங்க இல்லையோ?”

“இருக்கு. மாமாதான் சொன்னவர், உங்களிட்ட வாங்கச் சொல்லி.”

அந்த நேரம் என் நெஞ்சில் ஏறிய சந்தோஷத்தை உங்களுக்கு மட்டும்தான் சொல்லலாம். வழக்குப் பேசி அவனைக் கூட்டில் ஏற்றியிருந்தாலும் இவ்வளவு தெளிவாக ஒப்புக்கொண்டிருக்க மாட்டான். ஊருக்கு விற்கும் கப்பியைத் தன் மகள் ஏறும் படகுக்கு அவன் நம்பவில்லை.

சாமானை நீங்கள் தெரிவுசெய்வதுபோலவே தெரிவுசெய்தேன். ஆணி இழுத்து நகர்த்தும் வகையைத் தொடவேயில்லை. சுக்கான் பக்கத்தில் இருந்தபடி ஒரு சிறு கயிற்றால் நகர்த்தும் வகையை எடுத்தேன். இரண்டே பேர் போகும் படகில், பாரம் ஏறிய கயிற்றுக்குப் பக்கத்தில் ஒருவர் தலையைக் கொண்டுபோய் வைக்கத் தேவையில்லை. படகின் நீளத்துக்குச் சொன்ன அளவைவிட ஓர் அளவு பெரிது. தளத்துக்குக் கீழே வைக்கத் தகடும் வெட்டினேன். எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, மேலே கையை வைத்தேன்.

“சாமான் ரெடி, தம்பி. மாமா வந்து எடுக்கட்டும்.”

பின்னேரமே வந்தான். “என்ன, பெடியனைத் திருப்பி அனுப்பிப்போட்டீர்? வியாபாரம் வேண்டாமோ?”

“வியாபாரம் உங்கட மருமகனோட, முதலாளி. உங்களிட்ட வேற ஒண்டு வேணும். செத்த வீட்டில சொன்ன கதையை ஜெட்டியில வந்து மாத்திச் சொல்லவேணும்.”

“அது ஏலாது. என்ர கடையைப் பூட்டச் சொல்லுறீரோ?”

“அப்ப உங்கட கப்பியையே பூட்டுங்கோ. நல்ல கப்பிதானே? பூட்டத் தெரிஞ்ச ஆள் பூட்டினாச் சரி.”

அவன் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். கடைசியில், “நாளைக்கு ஜெட்டிக்கு வாறன்” என்றான். அவன் அப்படியே திரும்பிப் போயிருந்தால், அந்தப் பிள்ளையை அந்தக் கப்பியோடு கடலுக்குப் போகவிட்டிருப்பேனா? தெரியவில்லை. நீங்கள் என்றால் என்னை ஏசிவிட்டுச் சாமானைக் கொடுத்திருப்பீர்கள். நான் நீங்கள் இல்லையே.

அடுத்த நாள் காலை பத்து மணிக்கு ஜெட்டிக்கு வந்தான். அக்காவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அவர் பூட்டினதில பிழை இல்லை. நான் வித்த சாமான்தான் பிழை.”

“கேக்கேல்ல,” என்றாள் அக்கா.

திரும்பவும் சொன்னான், கொஞ்சம் உரத்து.

“முதலாளி, இந்தப் பக்கமும் கேக்கேல்ல,” என்று மோட்டார் லோஞ்சில் இருந்து அதன் ஓட்டி, கிண்ணியாக்காரர் ஒருவர், குரல் கொடுத்தார். மூன்றாம் முறையும் சொன்னான். அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, நிமிர்ந்து நடந்து பஸ் ஏறினாள்.

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் சாமானை எடுத்துக்கொண்டு போகும்போது அவன் எனக்கு மட்டும் கேட்கும்படி ஒன்று சொன்னான்: “உங்கட அத்தான் காந்தம் பிடிச்சுப் பார்த்துத்தான் வாங்கினவர். அந்தக் காந்தம் ஆர் குடுத்தது?”

அதன் பதிலை இங்கே சொல்கிறேன். அப்போது என் கடையில் நங்கூரமும் சங்கிலியும்தான், கப்பி இல்லை. நீங்கள் கப்பி வாங்க எதிர்க்கடைக்குக் கிளம்பியபோது மேசையில் கிடந்த காந்தத்தை உங்கள் கையில் வைத்து, “ஒட்டாட்டி நல்ல ஸ்டீல், யோசிக்காம எடுங்கோ” என்றது நான்தான். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறோம். சில மட்டமான ஸ்டீலிலும் காந்தம் ஒட்டாது என்பது, அறுந்த பட்டியைக் கொழும்புக்கு அனுப்பிக் கேட்டபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அவன் தெரிந்து விற்றான். நான் தெரியாமல் சொன்னேன். அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் கடை திறக்கிறேன். அது போதுமா, அத்தான்?

அவன் கடையில் அந்தக் கப்பிகள் இன்னும் தொங்குகின்றன. அவை இறங்கும்வரை அவனை விடமாட்டேன். அறுந்த பட்டியை என் கடை வாசலில், அவன் கதிரைக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறேன். பக்கத்தில் அந்தக் காந்தமும் தொங்குகிறது. பட்டியில் ஒட்டாததால் நூலில் கட்டவேண்டியிருந்தது. கேட்கிறவர்களுக்கு இரண்டின் கதையையும் சொல்வேன். இது அச்சில் வருமுன், ஞாயிற்றுக்கிழமை நிலாவெளிக்குப் போய் முதலில் அக்காவுக்குச் சொல்வேன். கேட்கவில்லை என்றால் மூன்று முறையும் சொல்வேன்.

காந்தத்தை உங்கள் கையில் வைத்த மச்சான்,
சிவராசா