வாய் திறந்த குற்றம்

அன்புள்ள வாயாடிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் சுகம். என் லைசென்ஸ் பிழைத்துவிட்டது. மதியத்திலிருந்து கால் தரையில் பாவவில்லை. குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டேன், மாமா ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டு எழுந்தார்.

எங்கள் கவுன்சலர் வாரியத்தில் என் மேல் புகார் இருந்ததை உனக்குச் சொல்லவில்லை. கவுன்சலிங்குக்கு வந்த ஒருவரின் ரகசியத்தை அவர் வீட்டாரிடம் சொல்லிவிட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் சொல்லியே ஆகவேண்டும், சட்டமும் அதுதான். யார், எவர் என்று கேட்காதே, உன்னிடம்கூட மூச்சு விடமாட்டேன்.

தப்பு வேறு இடத்தில். அந்த விதிவிலக்கை முதல் நாளே வாசித்துக் காட்டி, படிவத்தில் கையெழுத்து வாங்கவேண்டும். அன்று அவர் அழுதுகொண்டே வந்தார். அழுகிறவர் முன்னால் காகிதத்தை நீட்ட மனம் வராமல், அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் வைத்தேன். சுத்தமாக மறந்துபோனேன். அவர் நம்பிச் சொன்னார், நான் போனை எடுத்தேன். அவருக்கு அது துரோகம்தானே?

இன்று மூன்று பேர் விசாரித்தார்கள். படிவம் எங்கே என்று தலைவி கேட்டார். மறந்துவிட்டேன் என்று ஒப்புக்கொண்டேன். சொன்னது சரி, முன்கூட்டிச் சொல்லாதது தவறு என்று எழுத்தில் கண்டித்து விட்டுவிட்டார்கள். வெளியே வந்தால், புகார் கொடுத்தவரே எதிரில் வந்து, செவ்வாய்க்கிழமை டைம் இருக்கா என்று கேட்கிறார். இருக்கு, ஆனா முதல்ல கையெழுத்து என்றேன். சிரித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

இனி உன் விஷயம். வேறு யாரிடமும் போகமாட்டேன், நீயே எனக்குக் கவுன்சலிங் கொடு என்று எழுதியிருந்தாய். முடியாது. சொந்தக்காரர்களைப் பார்க்கக்கூடாது என்பது எங்கள் விதி, நல்ல விதி. நீ அழுதால் நானும் சேர்ந்து அழுவேன், யாருக்கு என்ன பிரயோசனம்? என்னோடு படித்தவள் ஒருத்தி உன் ஊரிலேயே இருக்கிறாள். அவள் நம்பர் பின்பக்கத்தில். நீ அவளிடம் சொல்வதை, நானே கேட்டாலும் என்னிடம் சொல்லமாட்டாள்.

காலையில் கண் விழிக்கவே பிடிக்கவில்லை என்று எழுதி அடித்திருந்தாயே, அதை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். நீ போனை எடுப்பதில்லை, அதனால் இதைக் கூரியரில் அனுப்புகிறேன். நாளை மதியம் கிடைக்கும். சாயங்காலம் உன் வீட்டுக்காரரிடம் பேசுவேன். இந்தத் தரம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன், கோபித்துக்கொள். மறுநாள் காலை வந்து இறங்குகிறேன். கதவைத் திறக்க நீ இருக்கவேண்டும், கண்ணே.

உன் அக்கா