ரெனிஷ் தீவுக்கான சம்மதப் படிவம்

சாயர்புரம்,
டிசம்பர் 9

அன்பு மகள் ஈவாஞ்சலினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம். தென்துருவக் குளிர் உன் இருமலைக் கிளறிவிடுமோ என்றுதான் அவளுக்குக் கவலை.

உங்கள் ஆய்வுக் குழு அங்கே அளந்த தீவுக்கு எந்த நாட்டு வரைபடத்திலும் இதுவரை பெயர் இல்லை. இடப்பெயர்க் குழுவின் செயலர் போன வாரம் எனக்கு மின்னஞ்சலில் உறுதி செய்தார். நானூற்றுப் பத்து மீட்டர் நீளம், பனி விலகித் தெரிந்த கரும்பாறை, ஆளில்லை என்று நீ கொடுத்த விவரங்களையும் ஏற்றுக்கொண்டார்கள். உன் தம்பி ரெனிஷின் பெயரை வைக்கவும் மறுப்பில்லை. ஆனால் உயிரோடு இருப்பவர் பெயரை வைப்பதில்லையாம். குடும்பத்தின் சம்மதப் படிவத்தில் இறந்த தேதியைக் கேட்கிறார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன் அவன் போன கப்பல் மூழ்கிய தேதியை அதில் எழுதிவிட்டேன். நாற்பது வருஷம் செய்தி எழுதிய பழக்கம், கட்டத்தைக் காலியாக விட மனம் வரவில்லை. அம்மா பார்த்துவிட்டாள். "ஆறு வருஷமா 'காணவில்லை'ன்னுதான எழுதுனிய? இப்ப ஒரு பாறைக்காவ அவன முடிச்சிட்டியளே" என்றாள். அவன் ஏறிய உயிர்காப்புப் படகு இன்றுவரை கிடைக்கவில்லை. கோயிலில் பயணம் செய்வோருக்கான ஜெபத்துக்கு ஞாயிறுதோறும் அவன் பெயரை எழுதிக் கொடுக்கிறாள். நான் கையெழுத்துப் போட்டால் அதை நிறுத்த வேண்டும்.

இரண்டு நாள் கழித்துத் தூத்துக்குடி போனபோது, பழைய துறைமுகத்தில் படகோட்டும் பாஸ்கலிடம், முத்துக் குளித்த கடலடிப் பாறைகளுக்கு யார் பெயர் வைத்தது என்று கேட்டேன். "அதுக்கு எந்த சாமியாரு அண்ணாச்சி ஞானஸ்நானம் குடுத்தாரு? அங்கன என்ன கெடச்சுதோ, என்ன ஒடைஞ்சுதோ, அதச் சொல்லித்தான் தேடிப் போவோம்" என்று சிரித்தார்.

வீட்டில் அதைச் சொன்னேன். அம்மா அந்தத் தீவில் படகு ஒதுங்க இடம் உண்டா என்று கேட்டாள். உன் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். வடக்கே இருபது மீட்டர் கூழாங்கல் கரை, நீங்கள் இறங்கிய இடம். "அப்ப அதையே பேரா வைக்கச் சொல்லுங்க, வடக்க ஒதுங்கலாம்னு. போற வாறவனுக்கு உதவும்" என்றாள்.

கல்லறை இல்லாத தம்பிக்கு ஓர் இடம் இருக்கட்டும் என்று நீ நினைத்தாய். அது எனக்குப் புரிகிறது. ஆனாலும் படிவத்தைக் கிழித்துவிட்டேன்.

பெயரை மாற்றிக் கேட்க பிப்ரவரி இருபது வரை அவகாசம் இருக்கிறது. மனுவில் நீதான் கையெழுத்திட வேண்டும். குழு மார்ச் பன்னிரண்டில் கூடுகிறது.

பனியில் பார்த்து நட. கர்த்தர் அக்கா, தம்பி உங்கள் இரண்டு பேரையும் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

அன்புடன்,
அப்பா
தேவபிரசாதம்