வழக்குப் போடாமல் வண்டியைக் கேட்கும் மனு

அனுப்புநர்:
இஸ்திரிப் பிரிவுத் தொழிலாளி,
நீராவிச் சலவைக்கூடம்.
(குடியிருப்பு: அதே கட்டடம், மாடி, பின்னறை)

பெறுநர்:
பதிவு அதிகாரி அவர்கள்,
வாகனப் பதிவு அலுவலகம்.

பொருள்: தனியாரிடம் வாங்கிய பழைய மோட்டார் சைக்கிள் – உரிமையாளர் இறந்தது தெரியாமல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பித்தது – வண்டி அலுவலக வளாகத்தில் நிறுத்தப்பட்டது – வழக்கு எதுவும் இல்லாமல், அவர் மனைவியின் கையொப்பத்தின் பேரில் மாற்றித் தரக் கோருவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதையெல்லாம் நான் தங்கள் அலுவலகக் கவுன்ட்டரிலேயே சொல்லியிருக்க வேண்டும். பின்னால் வரிசையில் ஆட்கள் நின்றார்கள். பாதியைத்தான் சொல்ல முடிந்தது. அதனால் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் என்பதால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1. எனக்கு வயது பதினெட்டு. அப்பா இல்லை. அக்காவின் பிரசவத்துக்குப் போன அம்மா, குழந்தையைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டார். எனக்கு ஞாயிறு மட்டும் விடுமுறை. அக்கா ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை பேருந்து கிடையாது. மோட்டார் சைக்கிள் வாங்கியது இதற்காகத்தான், ஆடம்பரத்துக்காக அல்ல. முன்பெல்லாம் அம்மா போனில் "எப்ப வர்றே?" என்று கேட்பார். இப்போது "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

2. வண்டியை நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் கூடத்தில் பாய்லர் பார்க்கும் அண்ணன் கூட வந்தார். "நாம போறதுக்கு முன்னாடியே வண்டியை ஸ்டார்ட் பண்ணி சூடாக்கி வச்சிருந்தா, திரும்பிப் பாக்காம வந்துடணும். காலையில ஸ்டார்ட் ஆகாத வண்டியைத்தான் அப்படி வச்சிருப்பாங்க" என்று வழியிலேயே சொல்லிக் கொடுத்தார். எஞ்சினைத் தொட்டுப் பார்த்தேன், குளிர்ந்திருந்தது. முதல் உதையிலேயே ஸ்டார்ட் ஆனது. டயர், பிரேக், செயின், விளக்குகள் எல்லாம் பார்த்தோம். எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டேன். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தது. கடன் பாக்கியும் அபராதமும் இல்லை. விற்றவர் சிரித்துவிட்டார். "மாப்பிள்ளை பாக்க வந்தவங்க கூட இவ்வளவு விசாரிக்க மாட்டாங்கம்மா" என்றார். பாய்லர் அண்ணன், "மாப்பிள்ளைக்கு பிரேக் இல்லன்னா சமாளிச்சிக்கலாம்ங்க" என்றார். அன்று நானும் சிரித்தேன்.

3. ஆனால் பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்கவில்லை. அது விற்றவரின் அடையாள அட்டை. பெயர் மாற்றப் படிவத்தில் முன்பே கையெழுத்துப் போட்டு வைத்திருந்தார். "இது உங்க பேருதானாண்ணே?" என்று மெதுவாகக் கேட்டேன். "எல்லாம் நம்ம வண்டிதான்மா, தைரியமா எடுத்துட்டுப் போ" என்றார். அதற்கு மேல் அட்டையைக் காட்டுங்கள் என்று கேட்டால் ஆளைச் சந்தேகப்படுவது போல் ஆகிவிடுமே என்று கூசினேன். வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

4. தங்கள் கவுன்ட்டரில் படிவத்தைக் கொடுத்தபோது, கையெழுத்து பழைய ஆவணத்தோடு ஒத்துப்போகவில்லை என்றார்கள். "ஓனரைக் கூட்டிட்டு வாம்மா. அதுவரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டும்" என்று சாவியை வாங்கிக்கொண்டார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை, அவர் வீடும் பூட்டியிருந்தது. பதிவுப் புத்தகத்தில் இருந்த முகவரிக்குப் போனேன். என் அம்மா வயதுள்ள ஒருவர் கதவைத் திறந்தார். அவருடைய கணவர்தான் உரிமையாளர். போன வருடம் நோயில் இறந்துவிட்டார். வண்டியை விற்றது அந்த அம்மாவின் கொழுந்தன். சர்வீஸுக்கு விடுவதாகச் சொல்லி எடுத்துப் போயிருக்கிறார்.

5. அந்த அம்மா என்னைத் திட்டுவார் என்று நினைத்து வாசற்படியிலேயே நின்றேன். அவர் என்னை உள்ளே உட்கார வைத்து, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டார். பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆஸ்பத்திரியில ராத்திரி பகலா கூட இருந்தது அவன்தான் பாப்பா. கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன். கேக்கக் கூச்சப்பட்டிருக்கான் கிறுக்கன்." வாரிசுச் சான்றிதழ் அவரிடம் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை. எங்கே சொன்னாலும் வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்றார்.

6. இதை மறுநாள் கவுன்ட்டரில் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "பொய்க் கையெழுத்து போட்டவன் மேல போலீஸ்ல புகார் குடுத்து, அந்த நம்பரோட வா. அப்பத்தான் வண்டி" என்று பதில் வந்தது. ஊழியர் மீது எனக்கு வருத்தம் இல்லை. சட்டம் தெரிந்துதான் சொல்லியிருப்பார். ஆனால் இதை நான் போய்ச் சொன்னதும் அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "அவன் ஒருத்தன்தான் பாப்பா இந்த வீட்டுக்கு வந்து போறவன். அவனையும் உள்ள தள்ளிட்டு நான் யார்கிட்ட பேசறது?" என்றார். வண்டியை விற்ற நாளிலிருந்து அந்தக் கொழுந்தனும் அங்கே வருவதில்லை. வெட்கத்தாலா பயத்தாலா என்று தெரியவில்லை.

7. நானே புகார் கொடுக்கலாம். கொடுத்தால் வரும் ஞாயிற்றுக்கிழமையே அம்மாவைப் பார்க்கலாம். காவல் நிலைய வாசல் வரை போய்த் திரும்பினேன். ஐயா, நான் இருக்கும் அறையின் கதவை யாரும் தட்டுவதில்லை. ஒரு தடவை தட்டினார்கள். அவசரமாகத் தலையை வாரிக்கொண்டு திறந்தேன். எதிர் அறை என்று நினைத்துத் தட்டியவர், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். இன்னொரு வீட்டையும் அப்படி ஆக்கிவிட்டு, அந்த வண்டியில் ஏறி அம்மாவிடம் போக என்னால் முடியாது.

ஆகவே, நான் கொடுத்த முதல் விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்து, உரிமையாளரின் மனைவி வாரிசு என்ற முறையில் நேரில் கையெழுத்திடும் புது விண்ணப்பத்தை ஏற்று, வண்டியை என் பெயருக்கு மாற்றித் தர உத்தரவிட வேண்டுகிறேன். ஏமாற்றப்பட்டவள் நான். எனக்கு யார் மீதும் புகார் இல்லை என்று எழுதிக் கையெழுத்திடவும் சம்மதம்.

மேலும் ஒரு வேண்டுகோள். வழக்கு எதுவும் இல்லை என்று தங்கள் அலுவலக முத்திரையோடு ஒரு வரி எழுதித் தந்தால், அதை விற்றவரின் வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அவர் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பயம்தான். ஆனாலும், "உங்க அண்ணி காத்துக்கிட்டிருக்காங்க, போய்ப் பாருங்க" என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

வழக்கு இல்லாமல் என் பெயருக்கு மாற்ற விதியில் இடமே இல்லை என்றால், வண்டியை அந்த அம்மாவிடம் ஒப்படைத்துவிடுங்கள். கொழுந்தன் திரும்பி வந்தால் ஓட்டிக்கொள்ளட்டும்.

இடம்: சலவைக்கூட மாடி
நாள்: ஞாயிற்றுக்கிழமை

பணிவுடன்,
(கையொப்பம்)